ஒரு கைப்பிடி செலினியம்

நான் வாங்கின ஒரு கைதட்டல் என்னை எவ்வளவு பெரிய வம்புல கொண்டுபோய் விட்டுதுன்னு இன்னைக்குச் சொல்றேன். நீங்க எல்லாரும் டயட்டீஷியனா புதுசா சேர்ந்திருக்கீங்க. கலோரி கணக்கு, சார்ட் போடறது எல்லாம் காலேஜ்லயே உங்களுக்குக் கரைச்சுப் புகட்டியிருப்பாங்க. அதையே நானும் திரும்பச் சொல்லி உங்க உயிரை வாங்கப் போறதில்ல. ஒரே ஒரு நாள், காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் நடந்ததைச் சொல்றேன். அன்னைக்கு ஒரு பொண்ணோட வாழ்க்கை என்னால போயிருக்கும். போகல. அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஒரு பெருமூச்சு வரும்.

திண்டிவனத்துல ஒரு ஆஸ்பத்திரியிலதான் என் சர்வீஸ் பூரா. ஜனங்க வாயில நான் ‘சத்து மேடம்’. ரிட்டயர் ஆக ரெண்டு மூணு வருஷம் இருக்கும்போது விழுப்புரத்துல, வேலையில இருந்து ஓய்வு பெற்றவங்க சங்கத்துல பேசக் கூப்பிட்டாங்க. வயசான காலத்துல ஆரோக்கியமா இருக்கிறது எப்படின்னு பேசணும். மத்தவங்களா இருந்தா பேசாம கால்சியம், இரும்புச்சத்து, உப்பைக் குறைங்கன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சுட்டு வந்திருப்பாங்க. எனக்குத்தான் அடங்காதே! இதுவரைக்கும் யாரும் சொல்லாததைச் சொல்லணும்னு ஒரு வீம்பு. செலினியத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

நல்லாவே பேசினேன், பொய் சொல்லக்கூடாது. செலினியம் உடம்புக்கு ரொம்பக் கொஞ்சமாத்தான் வேணும், ஆனா கட்டாயம் வேணும். தைராய்டு ஒழுங்கா வேலை செய்யறதுக்கு வேணும், நோயை எதிர்க்கிற சக்திக்கு வேணும், வயசாக ஆக உடம்புக்குள்ள நடக்கிற தேய்மானத்தைச் சமாளிக்கவும் வேணும். மீன், முட்டை, கறியில நல்லா கிடைக்கும். தானியத்துலயும் பருப்புலயும் எவ்வளவு இருக்கும்ங்கறது அது விளைஞ்ச மண்ணைப் பொறுத்தது. அதனால சைவம் சாப்பிடறவங்க கொஞ்சம் கவனமா இருக்கணும்னு சொன்னேன். அந்தக் ‘கவனமா’வைக் கொஞ்சம் பயமுறுத்தற மாதிரியே சொன்னேன்னு நினைக்கிறேன். மைக் கையில இருந்தா மனுஷிக்கு அப்படி ஒரு குஷி வந்துடுது.

பின்வரிசையில இருந்து ஒருத்தர் எழுந்து, “மீனு முட்ட தொடாதவன் இன்னாங்க பண்றது மேடம்?”னு கேட்டார். “உலகத்துலயே செலினியம் அதிகமா இருக்கிற சாப்பாடு எது தெரியுமா? பிரேசில் கொட்டை!”ன்னேன். ஏதோ புதையலைக் காட்டிக் குடுத்த மாதிரி கைதட்டல். அந்த நேரம் பார்த்து பஜ்ஜித் தட்டு உள்ள வந்துடுச்சு. நானும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன். எத்தனை கொட்டைன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல.

அதுக்கப்புறம் அரை வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில ஆண்கள் வார்டுல இருந்து என்னை ஓடி வரச் சொன்னாங்க. போனா வராண்டாவுல ஒரே கூச்சல்.

கூச்சல் போட்டுக்கினு இருந்தது பச்சையம்மா. எழுபது வயசுக்கு மேல இருக்கும், ஆனா குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். உள்ள கட்டில்ல படுத்திருந்தவர் அவங்க தம்பி ஏழுமலை. பிரம்மதேசம் பக்கத்துல ஊர். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். கொஞ்சம் நிலம், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடறாங்க. ரெண்டு நாள் முன்னாடிதான் அட்மிட் ஆனார். தலைமுடி கொத்துக் கொத்தா கொட்டியிருந்தது, புருவம்கூட பாதிதான் இருந்தது. நகமெல்லாம் வெள்ளை பூத்துப் பிளந்து, ரெண்டு விரல்ல கழண்டே போயிருந்தது. கை கால் மதமதப்பு, வயித்துப்போக்கு, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறது. சர்க்கரை இல்ல, தைராய்டு சரியா இருந்தது. என்ன வியாதின்னு யாருக்கும் புரியல.

அன்னைக்குக் காலையில டியூட்டி டாக்டர், சின்ன வயசுப் பையன், தொண்டையைப் பார்க்கக் குனிஞ்சிருக்கார். குப்புன்னு பூண்டு நாத்தம். “பூண்டு சாப்பிட்டீங்களாய்யா?”ன்னு கேட்டிருக்கார். ஏழுமலை, “பூண்டா? எம் பொண்சாதி செத்ததுல இருந்து மீனு, கறி, முட்ட, பூண்டு எதையும் தொடறதில்ல சார். திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கினது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி போய்க்கினு இருக்கேன்”னு சொல்லியிருக்கார்.

டாக்டருக்கு முகம் மாறிப்போச்சு. பூண்டு சாப்பிடாத ஆள் வாயில பூண்டு நாத்தம். சில விஷம் உள்ள போனா அப்படி வரும். அதுல ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா முடி கொட்டும், நகம் கெடும், கை கால் மரத்துப் போகும். எல்லாம் அப்படியே பொருந்துது. படிச்ச பையன் சந்தேகப்பட்டதுல தப்பில்ல. ஆனா அவர் பண்ண தப்பு ஒண்ணு. அக்காக்காரம்மா பக்கத்துல நிக்கும்போதே, “வீட்ல எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது இருக்கா? சமைக்கிறது யாரு?”ன்னு கேட்டுட்டார். இந்த மாதிரிக் கேள்வியை ஆளில்லாத ரூம்ல, கதவைச் சாத்திட்டுக் கேளுங்க. ஒருதரம் வெளியில போன பேச்சைத் திரும்ப உள்ள இழுக்க முடியாது.

சமைக்கிறது மருமக. பேரு கலையரசி.

“எனுக்கு அன்னைக்கே தெரியும் டாக்டரு!”ன்னு பச்சையம்மா மார்ல அடிச்சுக்கிச்சு. “வேற தெருவுல இருந்து இட்டாந்தான் எந்தம்பி மொவன், ஆச வெச்சுட்டானாம்! வந்தவ எந்தம்பிக்கு சோத்துல வெச்சுக் குடுத்துக்கினு இருக்கிறா. தனிச் சட்டில பொங்கிப் போடறா டாக்டரு, தனிச் சட்டில!”

தனிச் சட்டி உண்மைதான். மாமனார் பூண்டு, கவிச்சி தொடமாட்டார்ங்கறதுக்காக அந்தப் பொண்ணு அவருக்குன்னு ஒரு சட்டி, ஒரு கரண்டி தனியா வெச்சுச் சமைச்சிருக்கு. அந்த நல்ல மனசே அன்னைக்கு அது கழுத்துக்குச் சுருக்கா வந்து நின்னுச்சு.

‘வேற தெரு’ன்னா என்னன்னு உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்ல. இவங்க நிலம் வெச்சிருக்கிற குடும்பம். கலையரசியோட அப்பா அம்மா இவங்களை மாதிரி ஆளுங்க கழனியில கூலிக்குப் போனவங்க. ஏழுமலை கல்யாணத்துக்குச் சம்மதிச்சு, முதல் நாள்ல இருந்து மருமக கையால சாப்பிட்டவர். பச்சையம்மா அப்படி இல்ல. அஞ்சு வருஷமா தம்பி வீட்டுக்கு வரும், போகும். அந்த வீட்டுல பச்சத் தண்ணி வாயில பட்டதில்ல. கடையில சோடா வாங்கிக் குடிச்சுட்டுப் போயிடும்.

பன்னெண்டு மணி இருக்கும், கலையரசி அன்னைக்குத்தான் முதல் தடவையா டிபன் கேரியரோட வந்து நின்னுச்சு. ஒண்ணும் தெரியாது அதுக்கு. பச்சையம்மா பாஞ்சு போய்க் கேரியரைப் பிடுங்கி மடியில வெச்சுக்கிச்சு. “இத்த அப்பிடியே போலீசுல குடுக்கறேன். எவனும் தொடக்கூடாது!”ன்னு சொல்லிட்டு வராண்டா பெஞ்சுல சட்டமா உக்காந்துடுச்சு. வார்டே எட்டிப் பார்த்துது. அந்தப் பொண்ணு சுவத்தோட சுவரா ஒட்டிக்கிச்சு. அழக்கூட இல்ல. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிழவியை நாலு கேட்டிருப்பேன். ஆனா தம்பி சாகப் போறான்னு பயந்து கெடக்கிற மனுஷிகிட்ட என்னத்தைக் கேக்கறது?

டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டார். முகம் பேய் அறைஞ்ச மாதிரி இருந்தது. “மேடம், விஷம்னு சந்தேகம் வந்தா போலீசுக்குத் தகவல் எழுதியே ஆகணும். எழுதிட்டா இன்னைக்கே அந்தப் பொண்ணை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிடுவாங்க. எழுதலைன்னா நாளைக்கு நான் மாட்டிப்பேன். நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வர்றார், அவர்கிட்ட பேப்பரை வைக்கணும். அதுக்குள்ள ஒருதரம் அவர் சாப்பாட்டை நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க மேடம், ப்ளீஸ்.”

முதல்ல கலையரசிகிட்ட போனேன். கையில போனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தது. புருஷன் ஒரகடம் பக்கம் கம்பெனியில ஷிப்டுல இருக்கார். அதுக்குள்ள அத்தைக்காரி அவருக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு.

“அவுரு இன்னா சொன்னாரு தெரியுமா மேடம்?”னு கேட்டுச்சு. “‘நீ இப்போதிக்கி உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு, நான் வந்து பேசிக்கறேன்’றாரு. நான் இன்னா பண்ணேன்னு ஒரு வார்த்த கேக்கல மேடம். இன்னைக்கி நான் அந்தப் பஸ்ஸு ஏறிட்டன்னா, ஊரு பூரா ‘பண்ணவ, அதான் ஓடிட்டா’ன்னுவாங்க. திரும்பி வர்றதுக்கு வழியே இல்ல.”

“நீ எங்கயும் போகாத. இந்த வராண்டாவை விட்டு நகர்ந்தா காலை உடைச்சுப்புடுவேன்”னு மட்டும் சொன்னேன்.

அப்புறம் ஏழுமலைகிட்ட போய் உக்காந்தேன். உங்களை மாதிரியேதான் நானும் கேட்டேன். காலையில என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன? அவரும் கண்டக்டர் புத்தியோட ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா சொன்னார். காலையில கேப்பைக் கூழ். பதினோரு மணிக்கு மோர். மதியம் சோறு, பருப்பு, கீரை. சாயந்திரம் டீ. ராத்திரி ரெண்டு தோசை. அவ்வளவுதான். ஒரு குத்தம் சொல்லமுடியாத சாப்பாடு. அதை எழுதி முடிச்சபோது மணி ரெண்டரை. இதை அப்படியே டாக்டர்கிட்ட குடுத்தா, ‘சாப்பாட்டுல வேற ஒண்ணும் இல்ல, அப்போ விஷம்தான்’னு ஆயிடும். பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு எழுந்தேன், திரும்ப உக்காந்தேன்.

அப்போ எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஆஸ்பத்திரி சமையல்கட்டுல இருந்த ஒரு அம்மா. கஞ்சி காய்ச்சறவங்க, எழுதப் படிக்கத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு சர்க்கரை நோயாளி இருந்தார். என்ன சார்ட் போட்டாலும் அவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்ல. அந்த ஆள் பொய் சொல்றார்னு நான் கத்திக்கிட்டிருந்தேன். அந்தம்மா அடுப்பை விட்டு வந்து அவர் பக்கத்துல குந்தி, “ஏன்யா, தலகாணிக்குக் கீழ இன்னா டப்பா?”ன்னு கேட்டாங்க. பஞ்சாமிர்தம்! “அது சாமி பிரசாதம்மா, சாப்பாடு இல்லியே”ன்னார் அவர். பொய்யே சொல்லல மனுஷன். அன்னைக்கு அந்தம்மா என்னைப் பார்த்து, “சோறு இன்னான்னு கேட்டா சோறுதாம்மா சொல்லுவாங்க. வாயில இன்னா போட்டன்னு கேளு. எந்திரிச்சதுல இருந்து கேளு”ன்னு சொல்லிட்டுக் கரண்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

இன்னொண்ணும் என் மண்டையில உறைச்சுது. இவர் ரெண்டு நாளா குடிக்கிறது ஆஸ்பத்திரிக் கஞ்சி. வீட்டுச் சோறு ஒரு பருக்கை உள்ள போகல. ஆனா பக்கத்துல உக்காந்தா அந்த நாத்தம் இன்னும் பச்சையா அடிக்குது.

பேப்பரை மடிச்சு வெச்சேன். “அண்ணே, சாப்பாட்டை விடுங்க. காலையில கண்ணு முழிச்சதும் வாயில என்ன போடறீங்க?”

“பல்லு பொடிதாம்மா.”

“அப்புறம்?”

“குளிச்சிட்டு, அம்மனைக் கும்புட்டுட்டு, சுடுதண்ணி ஒரு சொம்பு.”

“சுடுதண்ணியோட?”

“அந்தக் கனடாக் கொட்ட. அது மருந்தாச்சேம்மா, சாப்பாடு இல்லியே.”

“எந்தக் கொட்டை? இப்போ எங்க இருக்கு?”

தலைமாட்டுல ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள பிரஷர் மாத்திரை, விபூதிப் பொட்டலம், கூடவே ஒரு பழைய கண்ணாடி பாட்டில். பாட்டில்ல பாதிக்கு மேல கொட்டை. மூணு மூலையா, விரல் தண்டிக்கு, பழுப்புத் தோலோட. பிரேசில் கொட்டை. ரெண்டு நாளா எங்க கண்ணு முன்னாடி, எங்க வார்டுலயே, வெறும் வயித்துல மருந்துன்னு தின்னுக்கினு இருந்திருக்கார். கனடாவுல இருக்கிற பொண்ணு லீவுக்கு வந்தப்போ அவர் சொன்னாரேன்னு பெட்டியில கிலோக் கணக்குல கொண்டாந்து குடுத்திருக்கு. மூணு மாசத்துக்கு மேல விடாம சாப்பிட்டிருக்கார்.

“எத்தினி சாப்பிடுவீங்க?”

“இன்னாம்மா நீங்க! கொட்டைய எவன் எண்ணிக்கினு இருப்பான்? மல்லாட்ட மாதிரி ஒரு கை.”

நம்ம ஜில்லாக்காரர் வேற எப்படிச் சொல்லுவார்? மல்லாட்டைக் காட்டுல பொறந்து வளர்ந்தவங்க, கைப்பிடிதான் நமக்கு அளவு. வர்றவங்களுக்கும் கைப்பிடி, போறவங்களுக்கும் கைப்பிடி. “தினமும் எடுக்கற மாதிரி ஒரு கை எடுங்க”ன்னேன். எடுத்தார். என் ஃபைல் மேல கொட்டச் சொல்லி எண்ணினேன். பதினொண்ணு. அந்தக் கொட்டையில ஒண்ணே ஒண்ணு தின்னா அன்னைக்குத் தேவையான செலினியம் வந்துடும், சிலதுல அதுக்கு மேலயே இருக்கும். அளவு மீறி மாசக் கணக்குல உள்ள போனா முடி கொட்டும், நகம் கழலும், கை கால் மதமதக்கும், வயிறு கெடும், மனுஷன் சிடுசிடுப்பான். மூச்சுல பூண்டு வாடை அடிக்கும். எலி மருந்துமில்ல, மருமகளும் இல்ல!

“முப்பது வருஷம் டிக்கெட் எண்ணினீங்களே அண்ணே, இந்தக் கொட்டையை எண்ணக்கூடாதா? யார் சொன்னா இதைத் திங்கச் சொல்லி?”ன்னு சந்தோஷத்துல கத்தியே கேட்டுட்டேன்.

பாவம், என்னைக் காட்டிக் குடுக்கிறமேங்கற மாதிரி தயங்கித்தான் சொன்னார்.

“நீங்கதாம்மா. விழுப்புரத்துல, சங்கத்துல. பின்னாடி எந்திரிச்சுக் கேட்டது நாந்தான்.”

தட்டின கையெல்லாம் காதுல கேட்டுச்சு, பஜ்ஜி வாசனைகூட வந்துச்சு. இந்த மனுஷன் நகத்தை நான் பிடுங்கியிருக்கேன். வெளியில ஒரு பொண்ணை நான் சுவத்தோட ஒட்ட வெச்சிருக்கேன். அந்த நிமிஷம் மனசு என்ன சொல்லுச்சுன்னு ஒளிக்காம சொல்லிடறேன். ‘வெளிநாட்டுக் கொட்டையை அளவில்லாம தின்னிருக்கார்’னு டாக்டர்கிட்ட சொன்னா போதும், யார் சொல்லித் தின்னார்னு எவன் கேக்கப் போறான்னு சொல்லுச்சு. உண்மைதான், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

ஆனா அப்படிச் சொன்னா பச்சையம்மா நம்பாது. ‘எல்லாரும் சேந்து அவளைக் காப்பாத்தறாங்க’ன்னு ஊர்ல போய்ச் சொல்லும். அந்தப் பொண்ணு மேல ஒட்டின கறை பாதிதான் போகும். மீதி போகணும்னா அதை ஒருத்தர் தன் மேல எடுத்துக்கணும். அதுக்கு உரிய ஆள் நான்தானே.

பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வராண்டாவுக்கு வந்தேன். டாக்டரையும் அங்கயே கூப்பிட்டேன். எந்த வராண்டாவுல பழி போட்டாங்களோ அங்கயேதான் எடுக்கணும். எட்டிப் பார்த்த அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். “இந்தக் கொட்டைதான் காரணம்னு நினைக்கிறேன். ஒண்ணு தின்னா மருந்து, தினம் ஒரு கை தின்னா கெடுதல். இதைத் தின்னச் சொன்னது நான். எத்தனைன்னு சொல்லாம விட்டதும் நான். இந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல.”

டாக்டர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார், செல்லுல எதையோ தேடிப் படிச்சார், அப்படியே சுவத்துல சாஞ்சுட்டார். “அடக் கடவுளே, எல்லாம் பொருந்துது மேடம்”னார்.

பச்சையம்மா விடுமா? என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுது. “நீயெல்லாம் ஒரு மேடமாடி? மைக்க புட்ச்சிக்கினு வாயிக்கு வந்தத சொல்லிட்டுப் பூடுவ, எந்தம்பி இல்ல சாவறான்! படிச்சவளாம் படிச்சவ!” இன்னும் நிறைய. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்தை தப்பா சொல்லல அந்தம்மா. சர்வீஸ்ல யாரும் என்னை அப்படித் திட்டினதில்ல. ஆனா திட்டத் திட்ட எனக்கு உடம்பு லேசானதுதான் அதிசயம். ஏன்னா அந்தத் திட்டு ஒவ்வொண்ணும் கலையரசி மேல இருந்து எழுந்து என் மேல வந்து உக்காந்துக்கிட்டிருந்தது.

நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். ரத்தத்தை எடுத்து, விஷத்துக்கும் செலினியத்துக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிச் சென்னைக்கு அனுப்பினார். “ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கொட்டையும் வேணாம், வீட்டுச் சாப்பாடும் வேணாம். ஆஸ்பத்திரிக் கஞ்சிதான்”னு உத்தரவு போட்டார். போலீஸ் பேப்பர் அன்னைக்குப் போகல. பின்னால வந்த ரிப்போர்ட்ல செலினியம் எக்கச்சக்கமா ஏறியிருந்தது. விஷம் ஒரு துளி இல்ல. கொட்டையை நிறுத்தின பிறகு கொஞ்சம் கொஞ்சமா வாடை போச்சு, மதமதப்பு போச்சு, மாசங்கள் போகப் போக நகமும் முடியும் வளர்ந்துது. மருந்துன்னு பெரிசா ஒண்ணும் தரல.

மறு மாசம் நானே போன் போட்டு அந்தச் சங்கத்துக்குத் திரும்பப் போனேன். “போன தடவை பாதிதான் சொன்னேன், மீதியைச் சொல்ல வந்திருக்கேன்”னேன். மீன் சாப்பிடறவங்களுக்கு மரக்காணத்துல இருந்து வர்ற மத்தியும் கானாங்கெளுத்தியும் போதும், இல்லைன்னா முட்டை போதும். சைவக்காரங்க கேப்பை, பருப்பு, பால், மல்லாட்டைன்னு நாலு தினுசா மாத்தி மாத்திச் சாப்பிட்டா பெரும்பாலும் தேவையானது கிடைச்சுடும். சந்தேகம் இருந்தா டாக்டரைக் கேளுங்க, நீங்களா மாத்திரையோ கொட்டையோ வாங்கிக் கொட்டிக்காதீங்க. குறைஞ்சா என்ன ஆகும்னு சொன்ன வாயால மிஞ்சினா என்ன ஆகும்ங்கறதையும் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கைதட்டல. பஜ்ஜி வந்தும் எழுந்திருக்காம கேள்வியா கேட்டாங்க. நீங்களும் எந்தச் சத்தைப் பத்திப் பேசினாலும் ‘எத்தனை’ன்னு சொல்லாம மேடையை விட்டு இறங்காதீங்க. நோயாளிகிட்ட உக்காந்தா, வாயில போட்டதையெல்லாம் கேக்காம எழுந்திருக்காதீங்க. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஆனா அந்த நாளோட முடிவைச் சொல்லணும், இல்லைன்னா எனக்கே தூக்கம் வராது.

பெரிய டாக்டர் போன பிறகு அஞ்சு மணி ஆச்சு. கலையரசி புருஷன் போன் மேல போன் பண்ணிக்கிட்டிருந்தார், அது எடுக்கல. எடுக்காததும் சரின்னுதான் எனக்குப் பட்டுது. கொஞ்சம் தவிக்கட்டும். பச்சையம்மா அதே பெஞ்சுல, அதே கேரியரை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது. காலையில இருந்து பல்லுல பச்சத் தண்ணி படாத உடம்பு. நான் கேன்டீன்ல இருந்து ஏதாவது வாங்கியாரச் சொல்லலாம்னு திரும்பினேன்.

டங்குனு கேரியர் கிளிப்பு விடற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். பச்சையம்மா ஒவ்வொரு அடுக்கா பிரிச்சு பெஞ்சு மேல வெச்சுது. சோறு, பருப்பு, முருங்கைக்கீரை. யாரையும் பார்க்கல. கையைக்கூடக் கழுவல, முந்தானையில துடைச்சுக்கிச்சு. பருப்பை ஊத்திப் பிசைஞ்சு ஒரு வாய் போட்டுது. இன்னொரு வாய். வார்டு வாசல்ல நர்ஸ் எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. சுவத்தோரம் நின்ன கலையரசிக்கு அப்பதான், அந்த நாள் பூரா வராத அழுகை பொத்துக்கிட்டு வந்துது.

மூணாவது வாயை முழுங்கிட்டு பச்சையம்மா தலையைத் தூக்காமலே சொல்லுச்சு, “பருப்புல உப்பு கம்மியாக்கீது.”

கலையரசி மூக்கை உறிஞ்சிக்கிட்டே, “மேடம்தான் அத்தே, இங்க சேத்த அன்னைக்கே மாமாவுக்கு உப்பைக் கொறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க”ன்னுது.

பச்சையம்மா என்னை ஒரு முறை முறைச்சுது. “இவ பேச்சக் கேட்டுக்கினா?”ன்னுட்டு, பெஞ்சுல கொஞ்சம் நகந்து உக்காந்து, கலையரசியைப் பார்த்துப் பக்கத்துல தட்டிக் காட்டுச்சு. “நீயும் காலீல இருந்து துன்னல இல்ல? குந்து.”